980 டயோடு லேசரில் "பயோஸ்டிம்" பட்டன்: வாய்க்குள் உண்மையில் எத்தனை ஜூல் விழுகிறது?

கடைவாய்ப்பல் எழுதியது:

வணக்கம். கிளினிக்கில் இருப்பது 980 நானோமீட்டர் டயோடு லேசர், 7 வாட் வரை போகும். 400 மைக்ரான் ஃபைபர், கூடவே பல் வெண்மையாக்கும் ஹேண்ட்பீஸ் ஒன்று. லோ லெவல் சிகிச்சைக்கென்று (வெட்டாமல், குறைந்த ஒளியால் புண்ணை ஆற்றவும் வலியைக் குறைக்கவும் கொடுப்பது) தனி ஹேண்ட்பீஸ் கிடையாது. மெனுவில் "பயோஸ்டிம்" போய் "வாய்ப்புண்" என்பதைத் தொட்டால் 0.5 வாட், பல்ஸ் 20 மில்லிசெகண்ட் ஆன், 20 மில்லிசெகண்ட் ஆஃப், மொத்தம் 30 செகண்ட் என்று வருகிறது. விற்க வந்தவரின் விளக்கம், "சிவப்பு வெளிச்சத்தைப் புண்மேல காட்டுங்க டாக்டர், மத்ததை மெஷின் பாத்துக்கும்" என்பதோடு சரி.

கேள்விகள்:

1. படிக்கிற இடமெல்லாம் சதுர செ.மீ.க்கு 4 ஜூல் என்கிறார்கள். இந்த மெஷினில் எதை எதால் வகுத்து அந்த எண்ணுக்கு வருவது?

2. ஒரே செட்டிங்கில் ஒரு பேஷண்ட் "ஒண்ணுமே தெரியலையே" என்கிறார், அடுத்தவர் "சுருக்குனு சுடுது" என்கிறார். புண் ஆறுவதும் ஒரு சீராக இல்லை. ஏன்?

3. ஞானப்பல் சர்ஜரிக்குப் பிறகு எங்கே, எவ்வளவு கொடுப்பது? தாடை நரம்பு மரத்துப்போனவர்களுக்கு இதனால் பிரயோஜனம் உண்டா?

4. கன்னப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து, 30 தவணையில் 60 கிரே ரேடியேஷனும் வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோவும் வாங்கப்போகிறவருக்கு வாய் புண்ணாகிப் போகாமல் லேசர் கொடுக்க முடியுமா என்று கதிர்வீச்சு மருத்துவர் கேட்கிறார். இந்த 980-ஐ வைத்தே செய்யலாமா?

---

ஒளிக்கணக்கு எழுதியது:

முதலில் அந்த மெனுவை மறந்துவிடுங்கள் டாக்டர். ஃபைபர் நுனியிலிருந்து எவ்வளவு வெளியே போகிறது என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். அது எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதை முடிவு செய்வது உங்கள் கை.

வாட்டைச் செகண்டால் பெருக்கினால் ஜூல். ஜூலை ஒளி விழும் பரப்பால் வகுத்தால் நீங்கள் படிக்கிற அந்த எண். உங்கள் பல்ஸில் பாதி நேரம் லேசர் அணைந்திருக்கிறது. ஆகவே 0.5 வாட் என்பது உச்சம், சராசரி 0.25 வாட்; 30 செகண்டில் 7.5 ஜூல். சில மெஷின்கள் உச்சத்தை வைத்தே பெருக்கி 15 என்று காட்டும், சில சரியாக 7.5 காட்டும். உங்களுடையது எந்த ரகம் என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பரப்பு. 400 மைக்ரான் ஃபைபரின் முகப்பு 0.00126 சதுர செ.மீ. அதைப் புண்ணில் ஒட்டவைத்து அந்த 7.5 ஜூலை விட்டால் சதுர செ.மீ.க்கு 6,000 ஜூலுக்குப் பக்கத்தில் வரும். அது சுடுகிற வேலை, ஆற்றுகிற வேலை இல்லை. அதே ஃபைபரை 1 செ.மீ. தள்ளிப் பிடித்தால் வெளிச்ச வட்டம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விட்டத்துக்கு விரியும். கணக்கு 40 ஜூலுக்கு இறங்கும். 2 செ.மீ. தள்ளினால் விட்டம் 1 செ.மீ.யைத் தொடும், 10 ஜூல்தான். பட்டன் அதே பட்டன். கை ஒரு செ.மீ. முன்னே பின்னே போனால் டோஸ் நான்கு மடங்கு மாறுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதுவே.

மேலே சொன்ன தூரமெல்லாம் 0.22 விரிவு எண் (என்.ஏ., நுனியிலிருந்து ஒளி எவ்வளவு விரியும் என்பதன் அளவு) கொண்ட ஃபைபருக்கு. 0.37 ரக ஃபைபர் என்றால் 12 மில்லியிலேயே வட்டம் 1 செ.மீ. ஆகிவிடும். அதனால் என் எண்ணை நம்பாதீர்கள், நீங்களே அளந்து பாருங்கள். கிராஃப் தாளைச் சுவரில் ஒட்டி, சிவப்பு வழிகாட்டி வெளிச்சத்தை மட்டும் போட்டு, வட்டம் 10 மில்லி ஆகிற தூரத்தைக் குறியுங்கள். வேலை செய்யும் கதிர் 980, கண்ணுக்குத் தெரியாது. சிவப்பும் அதுவும் கச்சிதமாக ஒரே மாதிரி விரிவதில்லை, ஆனால் கிளினிக் வேலைக்கு இது போதும். தூரம் மாறாமல் இருக்க, நாக்கை அழுத்தும் மரக்குச்சியை ஹேண்ட்பீஸின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி, நுனி அந்தத் தூரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிவிடுங்கள். குச்சி நுனி புண்ணுக்குப் பக்கத்துச் சதையைத் தொட்டால் தூரம் சரி. பேஷண்ட் மாறும்போது குச்சியும் மாறும்.

இன்னொரு பொறி ஃபைபர் நுனி. ஈறு வெட்டுவதற்காகக் கார்க்கிலோ நீலத் தாளிலோ தேய்த்துக் கருக்கிய நுனி ஒளியைப் பெரும்பாலும் வெளியே விடாது. தானே சூடேறி இரும்புக்கம்பி மாதிரி வேலை செய்யும். வெட்டுவதற்கு அது வேண்டும், இதற்கு ஆகவே ஆகாது. புதிதாக வெட்டிய நுனி வேண்டும். வெட்டியபின் சிவப்பு வெளிச்சத்தைத் தாளில் காட்டுங்கள். வட்டம் முழு வட்டமாக வரவேண்டும். ஒரு பக்கம் வால் நீண்டால் வெட்டு சாய்ந்திருக்கிறது, மறுபடி வெட்டுங்கள்.

980-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுமார் 600 நானோமீட்டருக்குக் கீழே ரத்தச் சிவப்பணு ஒளியை விழுங்கிவிடும், 1000-க்கு மேலே தண்ணீர் விழுங்கும். நடுவில் இருக்கிற ஜன்னலில்தான் இந்தச் சிகிச்சை நடக்கிறது. 980 அந்த ஜன்னலின் ஓரத்தில் இருக்கிறது. 970–980 பக்கம் தண்ணீருக்கு ஒரு சின்ன உறிஞ்சல் மேடு உண்டு. ஆகவே அதே வாட்டில் 660, 810 இரண்டையும்விட இது சீக்கிரம் சூடாக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் ஒளியை வாங்குவதாகச் சொல்லப்படும் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸின் உறிஞ்சலும் 660, 810–830 பக்கம்தான் பேசப்படுகிறது. 980 வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. வேறொரு அலைநீளத்தில் செய்த ஆய்வின் எண்ணை எடுத்து அப்படியே இதில் போடக்கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் மெஷினில் நான் தொடங்குகிற இடம்: பல்ஸ் வேண்டாம், தொடர் மோடு, 0.1 வாட், 1 செ.மீ. விட்ட வட்டம், 31 செகண்ட். அது சதுர செ.மீ.க்கு 4 ஜூல். கூடக் கொடுத்தால் கூட நல்லது என்று இதில் கிடையாது. ஓரளவு வரை திசு தூண்டப்படும், அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் திரும்பி மந்தமாகும். வலியை மட்டும் அடக்கச் சிலர் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போவதுண்டு. புண் ஆறவேண்டும் என்றால் போகக்கூடாது.

7 வாட் மெஷின் 0.1-ல் துல்லியமாக இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மருத்துவ லேசர்களுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலையே செட் செய்த அளவிலிருந்து 20 சதவீத விலகலை அனுமதிக்கிறது. பவர் மீட்டரில் அளந்தால்தான் தெரியும். காம்போசிட் கெட்டிப்படுத்தும் லைட்டுக்கு வைத்திருக்கிற ரேடியோமீட்டர் நீல ஒளிக்கானது, அதை 980 முன்னால் நீட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

(இந்தத் துறையே பவர் கணக்குப் பிசகில் பிறந்ததுதான் என்பார்கள். 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் கட்டி வைத்த எலிகளுக்கு ரூபி லேசர் கொடுத்தார். அவர் நினைத்ததைவிட அது பலவீனமான லேசர். கட்டி போகவில்லை, சிரைத்த இடத்தில் மயிர் வேகமாக முளைத்தது.)

---

வாய்நோய்_ஓ.பி. எழுதியது:

கணக்கில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜூலுக்கு முன்னால் கேட்கவேண்டியது, அந்தப் புண் என்ன புண் என்பது.

சாதாரண ஆஃப்தஸ் புண் அசைகிற சதையில் வரும்: உதட்டின் உட்பக்கம், கன்னம், நாக்கின் அடி. வட்டமாக, அடியில் மஞ்சள் சாம்பல் படலம், சுற்றிச் சிவப்பு வளையம், விளிம்பு தொட்டால் மெத்தென்று இருக்கும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் 7 முதல் 14 நாளில் ஆறும். இதற்கு லேசர் கொடுத்தால் வலி குறையும், ஓரிரு நாள் முன்னதாக ஆறலாம். நல்லது.

புகையிலை அடக்குகிறவர், பாக்கு மெல்லுகிறவர், நாக்கின் பக்கவாட்டிலோ அடக்குகிற கன்னக் குழியிலோ புண், விளிம்பு விரலுக்குக் கெட்டியாகத் தட்டுகிறது, கூர்மையான பல்லைத் தேய்த்துவிட்டும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் அங்கே லேசருக்கு வேலை இல்லை, பயாப்ஸிக்குத்தான். லேசர் வலியைக் குறைத்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. வலி போனதும் அவர் திரும்பி வரமாட்டார். வெள்ளைப்படலம், சிவப்புப்படலம், வாய் திறக்க முடியாத சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் இவற்றின் மேலும் "தூண்டுகிற" டோஸ் கொடுக்காதீர்கள். எந்த செல்லைத் தூண்டுகிறோம் என்று நமக்குத் தெரியாது.

இனி நான்காவது கேள்வி. இந்தச் சிகிச்சைக்கு வாயில் மிக உறுதியான ஆதாரம் உள்ள இடம் இதுதான். எம்.ஏ.எஸ்.சி.சி.–ஐ.எஸ்.ஓ.ஓ. என்ற சர்வதேசப் புற்றுநோய் ஆதரவு சிகிச்சை, வாய்ப் புற்றுநோய் அமைப்புகளின் வழிகாட்டுதல் (2020-ல் வெளிவந்த திருத்தம்) தலை கழுத்துக் கதிர்வீச்சு நோயாளிகளுக்குத் தடுப்பாக இதைப் பரிந்துரைக்கிறது, கீமோ சேர்ந்தாலும் சேராவிட்டாலும். ஆனால் "ஏதாவது ஒரு லேசர் கொடு" என்று அதில் இல்லை. குறிப்பிட்ட செட்டிங்குகளைத்தான் சொல்கிறது. கதிர்வீச்சு மட்டும் என்றால் 632.8 நானோமீட்டர், சதுர செ.மீ.க்கு 24 மில்லிவாட், ஒரு புள்ளிக்கு 125 செகண்ட், 3 ஜூல், 12 புள்ளி. கீமோவும் சேர்ந்தால் 660 நானோமீட்டர், சதுர செ.மீ.க்கு 417 மில்லிவாட், 10 செகண்ட், 4.2 ஜூல், 0.24 சதுர செ.மீ. வட்டம், 72 புள்ளி. கீமோவோடு இன்னொரு வழியும் உண்டு: 660, சதுர செ.மீ.க்கு 625 மில்லிவாட், 10 செகண்ட், 6.2 ஜூல், 0.04 சதுர செ.மீ., 69 புள்ளி. மூன்றிலும் ஜூல் என்பது சதுர செ.மீ.க்கு.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் முறை 25 நிமிடம், 72 புள்ளி 12 நிமிடம். புள்ளிக்குப் புள்ளி நகர்த்துவது, எச்சில் உறிஞ்சுவது, பேஷண்ட் வாயை மூடி இளைப்பாறுவது எல்லாம் சேர்த்தால் 72 புள்ளிக்கு 20 நிமிட நாற்காலி. ரேடியேஷன் நடக்கிற ஒவ்வொரு நாளும், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். உங்கள் கிளினிக்கால் 30 நாளும் அதைத் தரமுடியுமா என்பதை முதலில் யோசியுங்கள். வாரம் இரண்டு நாள் கொடுத்துவிட்டு "லேசர் வேலை செய்யவில்லை" என்பது நியாயம் இல்லை.

980 ஒத்துக்கொள்ளுமா? என் பதில்: வேண்டாம். 650–660-ல், 100 மில்லிவாட், வட்டத்தின் பரப்பு எழுதியே கொடுக்கப்பட்ட சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. ஆறு வாரம் கதிர்வீச்சில் வெந்துகொண்டிருக்கும் சதையில் சூடேற்றுகிற அலைநீளத்தை வைத்துப் பரிசோதனை செய்யவேண்டியதில்லை.

முதல் கதிர்வீச்சு நாளிலேயே தொடங்குங்கள். புண் வந்தபிறகு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது, அது தடுப்பு இல்லை. சிவப்பு இரண்டாவது வாரத்தில் தலைகாட்டும், மூன்றாவது வாரத்தில் புண் விழும். புள்ளிகளைக் கெராட்டின் இல்லாத சதையில் போடுங்கள்: இரு கன்னம், மேல் கீழ் உதட்டின் உட்பக்கம், நாக்கின் இரு பக்கமும் அடியும், வாய்த்தளம், மென்அண்ணம். வன்அண்ணம், ஒட்டிய ஈறு, நாக்கின் மேற்பரப்பு ஆகியவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். எந்தப் பகுதி கதிர்வீச்சுக்குள் வருகிறது என்பதைப் பிளான் படத்தில் கதிர்வீச்சு மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். வாயின் கோட்டுப்படம் ஒன்றை அச்சடித்து எண்ணிட்டு வைத்துக்கொண்டால் 41-வது புள்ளியில் குழம்பாது.

ஆபரேஷன் முடிந்தவருக்கும் கட்டி வாயிலேயே இருக்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற கட்டி மேலும் அதன் ஓரத்திலும் கொடுக்காதீர்கள். கதிர்வீச்சு மருத்துவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பேஷண்டிடமும் பலனையும் நமக்கு இன்னும் முழுக்கத் தெளிவாகாத ஆபத்தையும் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். வழிகாட்டுதலை எழுதியவர்களே அதை வலியுறுத்துகிறார்கள்.

தினமும் நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்க்கவேண்டியவை: கழற்றும் பல்செட் வெளியே. வழித்தால் வருகிற வெள்ளை இருந்தால் கேண்டிடா பூஞ்சை, அதற்கு மருந்து. உலக சுகாதார நிறுவன அளவில் தரம் எழுதுங்கள்: சிவப்பும் எரிச்சலும் 1, புண் இருந்தும் கெட்டி உணவு இறங்கினால் 2, நீராகாரம் மட்டும் என்றால் 3, அதுவும் இறங்கவில்லை என்றால் 4. புண் விழுந்தபின் நுனியை ஒட்டவைத்தால் பேஷண்ட் துள்ளுவார். சில மில்லி தூக்கிப் பிடியுங்கள், பரப்பு கூடியதற்கு ஏற்ப நேரத்தைக் கூட்டுங்கள். வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவருக்குப் பின்கன்னத்தை எட்ட முடியாது, தட்டையான நுனி வேண்டும். நுனிக்கு ஒவ்வொருவருக்கும் புதிய உறை. உறை ஒளியைக் கொஞ்சம் தின்னும், அளப்பதை உறையோடு அளங்கள்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு எழுதிக்கொடுப்பதை இந்த நோயாளிகளிடம் நிறுத்துங்கள். மியூகோசைடிஸ் (கதிர்வீச்சாலும் கீமோவாலும் வாய் புண்ணாவது) தடுப்புக்கு அது வேண்டாம் என்றே வழிகாட்டுதல் சொல்கிறது. உப்பு–சோடா தண்ணீர் போதும்.

---

தையல்நூல் எழுதியது:

மேடம் சொன்னதற்கு மேல் மியூகோசைடிஸில் சேர்க்க ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

ஞானப்பல்லில் இதன் பலனை ஊதிப் பெருக்கவேண்டாம் சார். வீக்கம், வாய் திறப்பு இரண்டிலும் சில ஆய்வுகளில் நல்ல வித்தியாசம் வருகிறது, வலியில் முடிவுகள் முன்னுக்குப் பின். ஆபரேஷனுக்கு முன் கொடுக்கிற 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் வீக்கத்துக்குச் செய்கிற வேலையை லேசர் ஒன்றாகச் செய்துவிடாது. எலும்பை வெட்டும்போது தண்ணீர் சரியாக ஓடியதா, சதையை இழுத்துக் கிழித்தோமா, எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதெல்லாம் இன்னும் பெரிய காரணங்கள்.

கொடுப்பதென்றால் ரத்தம் நின்று தையல் போட்டபின். குழிக்குள் ரத்தம் தேங்கியிருக்கும்போது கொடுத்தால் ஒளி முழுவதும் ரத்தத்திலேயே போய்விடும். உள்ளே குழியின் வெளிப்பக்கம், உள்பக்கம், பின்பக்கம் என்று மூன்று இடம். வெளியே கன்னத்தில் மெல்லுகிற மாசெட்டர் தசைமேல் இரண்டு மூன்று வட்டம். ஒவ்வொன்றுக்கும் சதுர செ.மீ.க்கு 4 ஜூல். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரமுடிந்தால் திரும்பவும். கறுப்பு சில்க் தையல்மேல் குறுகிய வட்டத்தை நிறுத்தாதீர்கள், நூல் ஒளியை வாங்கிச் சூடாகும்.

நரம்பு மரத்துப்போவதற்கு இதைவிட நம்பிக்கையாகச் சொல்லலாம், ஆனால் முதலில் வரைபடம். பேஷண்ட் கண்ணை மூட, பஞ்சு, ஊசிமுனை, இருமுனை இடைவெளி மூன்றையும் வைத்து உதடு, மோவாயில் மரத்த எல்லையைப் பேனாவால் குறித்துப் படமெடுங்கள். இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து "பரவாயில்லை டாக்டர்" என்பதைத் தவிர உங்களிடம் எதுவும் இருக்காது. 820 நானோமீட்டரில் செய்த பழைய ஆய்வுகள் நரம்பு போகிற வழியில் 4 புள்ளி, புள்ளிக்கு 6 ஜூல், 20 சிட்டிங் என்று கொடுத்தன. வழி என்பது தாடைத் துளை, கடைவாயின் பின்பகுதி, மோவாய்த் துளை, உதடு. நசுங்கிய நரம்புக்கு இது உதவலாம். அறுந்த நரம்பை எந்த ஒளியும் ஒட்டாது. முழுக்க மரத்து, மூன்று மாதத்தில் ஒரு அசைவும் இல்லாவிட்டால் மைக்ரோசர்ஜனிடம் அனுப்புவதுதான் முறை, லேசர் சிட்டிங் நடக்கிறது என்று அந்த நேரத்தைத் தின்றுவிடக் கூடாது.

பல் கூச்சத்துக்கும் சிலர் இந்த மெனுவை அமுக்குகிறார்கள். குறைந்த பவர் டயோடு நரம்பை மந்தப்படுத்துகிறது, டென்டின் குழாய்களை அடைப்பதில்லை. உருக்கி அடைப்பது அதிக பவர் என்.டி. யாக் மாதிரி லேசர்களின் வேலை. வேர் திறந்திருக்கிற காரணத்தைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் கூச்சம் திரும்பி வரும்.

---

கண்ணாடி_போடுங்க எழுதியது:

சுடுகிறது என்றதற்கு மீதிப் பாதிப் பதில் நிறம். நம் ஊர் ஈறுகளில் இயல்பாகவே கருநிறம் உண்டு. மெலனின் இந்த ஒளியை மேலேயே பிடித்துவிடும். இளஞ்சிவப்பு ஈறில் ஒன்றும் தெரியாத செட்டிங் கருத்த ஈறில் சுருக்கென்று தைக்கும். மாசெட்டர் மேல் வெளியிலிருந்து கொடுக்கும்போது மீசை, தாடி மயிர்க்காலிலும் அதேதான்: எறும்பு கடிப்பதுபோல் இருக்கும். லிப்ஸ்டிக், மை, பச்சை குத்தியது எல்லாம் அப்படித்தான். வட்டத்தைப் பெரிதாக்குங்கள், வாட்டைக் குறையுங்கள், நிறுத்தாமல் மெதுவாக நகர்த்துங்கள். பேஷண்ட் "சூடு" என்றால் அங்கேயே பெடலிலிருந்து காலை எடுங்கள். மரத்துப்போன உதட்டிலும் மரப்பு ஊசியின் மரப்பு இன்னும் போகாத இடத்திலும் அவரால் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண் விஷயம். 7 வாட் மெஷின் நான்காம் வகுப்பு, லேசர்களில் மிக ஆபத்தான வகுப்பு. 0.1 வாட்டில் ஓட்டினாலும் மெஷின் வகுப்பு மாறாது. 980 கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடிக்கொள்ளாது, லென்ஸ் அதை விழித்திரையில் குவித்துவிடும். நீங்கள், அசிஸ்டென்ட், பேஷண்ட், அறையில் நிற்கிற துணைக்கு வந்தவர் எல்லோருக்கும் கண்ணாடி. கண்ணாடி ஓரத்தில் அலைநீளமும் ஓ.டி. எண்ணும் (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு) பொறித்திருக்கும். 980 அந்த வரம்புக்குள் வருகிறதா என்று படியுங்கள். 660 கருவி வாங்கினால் அதற்கு வேறு கண்ணாடி. கியூரிங் லைட்டின் ஆரஞ்சு கண்ணாடி இரண்டுக்கும் உதவாது.

கன்னத்தை விலக்க வாய்க்கண்ணாடியைப் பயன்படுத்துவது கைப்பழக்கம். அதன் பளபளப்பு கதிரை நேராக உங்கள் முகத்துக்கே திருப்பும். பிளாஸ்டிக் விலக்கி அல்லது மரக்குச்சி. எதிர்ச்சுவரில் இருக்கிற பெரிய கண்ணாடியையும் எக்ஸ்ரே பார்க்கிற திரையின் பளபளப்பையும் ஒருமுறை கவனியுங்கள்.

லேசர் வருகிறதா என்று பார்க்க: கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைத் தாளில் விழுகிற வட்டத்தைப் பக்கத்திலிருந்து செல்போன் முன்கேமராவில் பாருங்கள். பல போன்களில் வெளிர் ஊதாப் பொட்டாகத் தெரியும். போனைக் கதிருக்கு நேரே நீட்டாதீர்கள், சென்சார் போய்விடும். சிவப்பு வெளிச்சம் வந்தால் லேசரும் வருகிறது என்று அர்த்தமில்லை, இரண்டும் வேறு வேறு டயோடு.

---

கடைவாய்ப்பல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மியூகோசைடிஸுக்கு 660 தனியாகப் பார்க்கிறேன், 980-ஐத் தொடவில்லை. ஆஃப்தஸ், ஞானப்பல் இரண்டுக்கும் வெண்மையாக்கும் ஹேண்ட்பீஸைப் பயன்படுத்தலாமா? கிராஃப் தாளில் ஒட்டவைத்தால் செவ்வகம் 3.5 செ.மீ. × 0.8 செ.மீ., அதாவது 2.8 சதுர செ.மீ. தொடர் மோடில் 0.7 வாட் வைத்தால் சதுர செ.மீ.க்கு 0.25 வாட், 16 செகண்டில் 4 ஜூல். கணக்குச் சரியா? 50 மில்லி சென்சார் உள்ள பவர் மீட்டரில் அளந்ததில் 0.7 செட்டிங்கில் 0.62 வருகிறது, உறை மாட்டினால் 0.56.

---

ஒளிக்கணக்கு எழுதியது:

கணக்கு சரி, எண் தவறு. பேஷண்டுக்குப் போவது 0.56. அதை 2.8-ஆல் வகுத்தால் 0.2 வாட். ஆக 16 இல்லை, 20 செகண்ட். சென்சார் 50 மில்லி என்பதால் 35 மில்லி செவ்வகம் முழுவதும் உள்ளே விழுந்திருக்கும், அளவை நம்பலாம். சின்ன சென்சாரில் பாதி வெளியே போய் எண் குறைவாகக் காட்டியிருக்கும், நீங்களும் வாட்டைக் கூட்டியிருப்பீர்கள்.

அந்த ஹேண்ட்பீஸ் நேரான பற்களுக்குச் செய்தது. மாசெட்டர் மேல் வெளியிலிருந்து கொடுக்க நன்றாக இருக்கும். 4 மில்லி ஆஃப்தஸ் புண்ணுக்கு அது வீண், 2.8 சதுர செ.மீ.யில் புண் இருப்பது ஒரு மூலை, மீதி ஒளியெல்லாம் நல்ல சதைக்கும் பல்லுக்கும் போகும். அதற்கு ஃபைபரும் மரக்குச்சியும்தான். செவ்வகத்தின் இரு கோடியிலும் ஒளி மங்கலாகவும் நடுவில் தூக்கலாகவும் இருக்கும், அதனால் வலி இருக்கிற இடத்தை நடுவில் வையுங்கள்.

கேஸ் ஷீட்டில் "லேசர் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். அலைநீளம், அளந்த வாட், தொடர் மோடா பல்ஸா, வட்டத்தின் பரப்பு, தூரம், ஒரு புள்ளிக்கு எத்தனை செகண்ட், எத்தனை புள்ளி, எத்தனையாவது சிட்டிங். மீட்டரில் மாதம் ஒருமுறை, ஃபைபர் மாற்றினால் அன்றைக்கே அளந்து அந்த எண்ணையும் மெஷின் மேல் ஒரு ஸ்டிக்கரில் ஒட்டிவையுங்கள். அசிஸ்டென்ட் அதைப் பார்த்துத்தான் செகண்ட் வைப்பார்.